மானிய வீடா, மாடி வீடா? விலைக்கு முன் உறுதியைப் பாருங்கள்

வீடு வாங்கும் பேச்சை என்னிடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது விலையைப் பற்றித்தான். "அரசாங்கத் திட்டத்தில் வீடு மலிவாகக் கிடைக்குமாம், எடுக்கலாமா?" என்று பதுளையில் ஒருவர் கேட்பார். "மகன் கொழும்பில் வேலை செய்கிறான், மாதாமாதம் வாடகை போகிறது, அங்கே ஒரு தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கட்டினால் என்ன?" என்று வெலிமடையிலிருந்து இன்னொருவர் தொலைபேசியில் கேட்பார். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றே. விலையைப் பிறகு பேசுவோம். கடைசியில் உங்கள் கைக்கு என்ன பத்திரம் வரப்போகின்றது என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஒரு வீட்டின் பெறுமதி அதன் சுவரிலும் கூரையிலும் மாத்திரம் இல்லை. அதனை விற்க முடியுமா, வங்கியில் ஈடு வைக்க முடியுமா, நாம் கண்மூடிய பின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமா என்பதிலும் இருக்கின்றது. மலிவு வீடு, ஆடம்பர வீடு என்ற பேதம் இங்கு இல்லை. இரண்டிலும் உறுதி சரியில்லை என்றால் நாம் வாங்கியது வீடு அல்ல, குடியிருக்கும் அனுமதி மட்டுமே. ஊவா மாகாணத்தில் இது வெறும் பேச்சல்ல. இங்கே தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் ஒரு பேர்ச் காணிக்குக் கூட உறுதி இல்லாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

மானிய வீடு என்று எதைச் சொல்கிறோம்?

எமது பேச்சு வழக்கில் 'அரசாங்க வீடு' என்ற ஒரே பெயரில் பல வகைகள் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் கணக்குப் போட முடியும்.

முதலாவது, உங்கள் சொந்தக் காணியில் நீங்கள் கட்டும் வீட்டுக்கு அரசு தரும் கடனோ உதவியோ ஆகும். 1979இல் உருவாக்கப்பட்ட தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை இதற்கான பிரதான நிறுவனம். 1984இல் ஆரம்பித்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் பெரும்பாலும் இந்த வழியிலேயே சென்றது. அரசு சிறு தொகையைக் கடனாகக் கொடுக்கும், குடும்பம் தன் உழைப்பையும் சேமிப்பையும் சேர்த்துக் கட்டும். இந்த வகையில் காணி ஏற்கனவே உங்களுடையது என்பதால் பத்திரப் பிரச்சினை குறைவு.

இரண்டாவது, அரச காணியில் அனுமதிப்பத்திரத்தின் பேரில் அல்லது அளிப்புப் பத்திரத்தின் பேரில் கிடைக்கும் வீடு. மூன்றாவது, தோட்டங்களில் லயன் அறைகளுக்குப் பதிலாகக் கட்டப்படும் தனி வீடு. நான்காவது, கொழும்பு போன்ற நகரங்களில் அரசு கட்டி விற்கும் தொடர்மாடி வீடு. இவை நான்கிலும் மானியம் உண்டு. ஆனால் நான்கிலும் கைக்கு வரும் உரிமை வேறு வேறு.

தோட்டத்து ஏழு பேர்ச்

ஊவாவின் தோட்டங்களைப் பற்றித் தெரியாமல் இங்கு மானிய வீட்டைப் பற்றிப் பேச முடியாது. லயன் அறை என்பது பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறையும் முன்னால் ஒரு சிறு விறாந்தையும் மட்டுமே. அது தொழிலோடு சேர்ந்து வந்த இருப்பிடம். காணி தோட்டத்துக்குரியது, அறையும் தோட்டத்துக்குரியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியபோது, அரச காணி பெறும் வாசலும் அவர்களுக்கு அடைபட்டது. நாடற்றிருந்தவர்களின் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வந்தது 2003இல்தான்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமை ஆகின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் காணி நீண்டகாலக் குத்தகையாக அவற்றுக்கு வழங்கப்பட்டது. காணியின் உரிமை அரச நிறுவனங்களிடம், அனுபவம் கம்பனியிடம், குடியிருப்பு தொழிலாளியிடம். ஒரே மண்ணில் இப்படி மூன்று தரப்பு நிற்பதால்தான், ஒரு தொழிலாளிக்கு உறுதி எழுதிக் கொடுப்பது நொத்தாரிசு ஒருவர் ஒரு நாளில் முடிக்கும் காரியமாக இல்லை. கடனில் கட்டிக் கொடுக்கப்பட்ட தோட்ட வீடுகளில், தவணைகளைச் சம்பளத்தில் கழித்துக் கட்டி முடித்த பிறகும் உறுதிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல.

இந்திய அரசின் நன்கொடையில் அமைந்த வீடமைப்புத் திட்டம் இதில் ஒரு முக்கிய மாற்றம். வடக்கு கிழக்கில் 46,000 வீடுகளுக்குப் பிறகு மத்திய, ஊவா மாகாணங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு வீட்டுக்கு 7 பேர்ச் காணி, ஏறத்தாழ 550 சதுர அடி கட்டடம். 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடிக்குச் சற்று அதிகம். ஒரு லயன் அறையோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. முற்றம் இருக்கின்றது, தனிச் சமையலறை இருக்கின்றது, பிள்ளை படிக்க ஒரு மூலை இருக்கின்றது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த நிகழ்வில் 2,000 பயனாளிகளுக்கு வீட்டு உரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன.

இப்படியான ஆவணம் ஒன்று கிடைக்கும் குடும்பத்தினர் அதனைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன் ஒரு முறை நிதானமாக வாசிக்க வேண்டும், அல்லது தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பிக்க வேண்டும். அது வீடு கிடைத்ததற்கான சான்றிதழா, காணியின் உறுதியா? நில அளவைப் படத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும் அதில் உள்ளனவா? காணிப் பதிவகத்தில் பதிவாகியுள்ளதா? கணவன் மனைவி இருவர் பெயரும் உள்ளதா? விற்கவோ ஈடு வைக்கவோ தடை எழுதப்பட்டுள்ளதா? இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால் கையில் இருப்பது என்ன என்பது தெரிந்துவிடும்.

பட்டணத்தில் கடை வைத்திருக்கும் எமது வாசகர் சிலர், தோட்ட வீடு ஒன்றைப் பயனாளியிடமிருந்து 'கைமாற்றாக' வாங்கலாமா என்று கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே என் பதில். அத்திட்டம் தோட்டக் குடும்பங்களுக்கானது. முத்திரையில் எழுதிய ஒப்பந்தம் காணி உரிமையை மாற்றாது. பணம் கொடுத்தவருக்கு வீடு இல்லை, வாங்கியவருக்கு மீண்டும் லயன்தான்.

அனுமதிப்பத்திரக் காணியும் வாரிசும்

தோட்டத்துக்கு வெளியே, பதுளை, மொனராகலை மாவட்டங்களில் அரச காணிகளில் குடியிருப்போர் பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். சுவர்ணபூமி, ஜயபூமி, ரன்பிம என்று காலத்துக்குக் காலம் பெயர்கள் மாறின. அடிப்படை நிபந்தனைகள் பெரிதாக மாறவில்லை. உரிய அரச அதிகாரியின் எழுத்து மூல முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. ஈடு வைப்பதென்றாலும் சட்டத்தில் அனுமதிக்கப்பட்ட நிறுவனங்களிடம் மட்டுமே முடியும்.

எமது வாசகர்கள் பலர் கவனிக்காத விடயம் வாரிசுரிமை. ஒரு முஸ்லிம் மரண சாசனம் எழுதாமல் மரணித்தால், அவருடைய சொந்த உறுதிக் காணி 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த மத்ஹபின் விதிகளுக்கு அமையப் பங்கிடப்படும். மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் பெற்றோருக்கும் குறித்த பங்கு உண்டு. ஆனால் அனுமதிப்பத்திர, அளிப்புப் பத்திரக் காணி இப்படிப் பிரிவதில்லை. அது பதிவு செய்யப்பட்ட பின்னுரித்தாளருக்குப் போகும். பின்னுரித்தாளர் பதியப்படாவிட்டால் அச்சட்டத்தின் அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணையில் பெண் மக்களுக்கு முன் ஆண் மக்களை வைத்திருந்த பாகுபாட்டை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. எனினும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு என்ற நிலை அதனால் வந்துவிடவில்லை.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகளின் தந்தை ஒருவர், இளைய மகனைப் பின்னுரித்தாளராகப் பதிந்து வைக்கிறார். வீட்டை விருத்தி செய்யச் செலவான பணத்தில் பாதி மகள் வெளிநாட்டில் உழைத்து அனுப்பியது. தந்தை காலமானதும் சட்டப்படி வீடு மகனுக்கு. மகளின் பணம் எங்கே? மார்க்கப்படி அவளுக்குரிய பங்கு எங்கே? இப்படியான பிணக்குகள் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் வந்து, அவர்களாலும் தீர்க்க முடியாமல் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தந்தை உயிரோடு இருக்கும்போதே குடும்பம் கூடிப் பேசி, வீட்டைப் பெறும் பிள்ளை மற்றவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்வது ஒன்றே நடைமுறை வழி. இத்தகைய காணிகளை முழு உரித்துக் காணிகளாக்கும் நோக்கில் 2024இல் 'உறுமய' வேலைத்திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. உங்கள் காணி விடயத்தில் என்ன செய்யப்பட்டுள்ளது என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் நேரடியாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

தனியார் தொடர்மாடி: கையில் வருவது என்ன?

இனி மறுபக்கம். கொழும்பிலோ கண்டியிலோ தனியார் நிறுவனம் கட்டும் தொடர்மாடியில் ஒரு வீடு வாங்கும்போது, நாம் நிலத்தை வாங்குவதில்லை. ஒரு குறித்த வீட்டலகுக்கு முழு உரிமையும், காணி, படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தாங்கி முதலிய பொதுப் பகுதிகளில் பிரிக்கப்படாத ஒரு பங்கும் வாங்குகிறோம். இதனைக் கூட்டாதனம் என்கிறோம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் இதற்கான அடிப்படை. மேற்பார்வைக்கு கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கின்றது.

இந்த உரிமை பிறப்பது கட்டடம் எழும்புவதால் அல்ல, கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்படுவதால். அது பதியப்படும் வரை உங்களிடம் இருப்பது விற்பனை ஒப்பந்தம் ஒன்றுதான். எத்தனை கோடி கட்டியிருந்தாலும், வீட்டில் குடியேறி ஐந்து வருடம் ஆகியிருந்தாலும் நிலை அதுவே. ஆகவே முற்பணம் கொடுக்கும் முன் நான் பார்க்கச் சொல்வன இவை. காணியின் மூல உறுதியும் அதன் மீதுள்ள ஈடும், கட்டட அனுமதி, வரைபடப்படியே கட்டியதாக உள்ளூராட்சி சபை தரும் சீ.ஓ.சீ. சான்றிதழ், பதிவு செய்த கூட்டாதன வரைபடம். கட்டி முடியாத மாடியென்றால், திட்டக் காணி எந்த வங்கியில் ஈடாக உள்ளது, உங்கள் அலகை விடுவிக்கும் கடிதத்தை அந்த வங்கி தருமா என்பதையும் கேளுங்கள். விற்பனையாளரின் சட்டத்தரணி அல்லாத, உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் சட்டத்தரணி ஒருவர் இதற்கு அவசியம்.

மானிய வீட்டில் உள்ள வாரிசுச் சிக்கல் இங்கு இல்லை. கூட்டாதன உறுதி உள்ள வீடு சாதாரண சொத்தைப் போன்றே வாரிசுகளுக்குப் பங்குகளாகப் போகும். ஆனால் ஐந்து பேருக்கு வந்த வீட்டை ஐந்தாகப் பிரிக்க முடியாது. ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்க வேண்டும், அல்லது விற்றுப் பணத்தைப் பங்கிட வேண்டும்.

அரசு கட்டிய மாடிகளும் கூட்டாதனம்தான். மாளிகாவத்தை, சொய்சாபுர போன்ற இடங்களின் பழைய மாடிகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு பாடம் தெரியும். கூரை ஒழுகினால் யார் திருத்துவது, தண்ணீர்க் குழாய் உடைந்தால் யார் செலவழிப்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு இல்லையென்றால், கட்டடம் கண்முன்னே தேய்ந்து போகும். தனியார் மாடியில் அந்த ஒழுங்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்ற பெயரில் இருக்கின்றது. வீட்டுரிமையாளர்கள் அனைவரும் அதன் உறுப்பினர்கள். அதற்குரிய மாதக் கட்டணத்தை மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள்தான் பிறகு தடுமாறுகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கணக்கு. ஒரு கோடி ரூபா விலையுள்ள ஒரு தொடர்மாடி வீடு என்று வைப்போம். 30 இலட்சம் உங்கள் கைப்பணம், 70 இலட்சம் 20 வருட வங்கிக் கடன்.

கைமாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்ற அடிப்படையில் 3,99,000 ரூபா. அத்தோடு சட்டத்தரணிக் கட்டணமும் உண்டு. ஆக 30 இலட்சம் இருந்தால் போதும் என்று நினைத்தவருக்கு ஆரம்பத்திலேயே 35 இலட்சம் வரை தேவைப்படும்.

வட்டி வருடத்துக்கு 12 வீதம் என்றால் மாதத் தவணை சுமார் 77,000 ரூபா. 20 வருடத்தில் கட்டி முடிப்பது ஏறத்தாழ 1 கோடி 85 இலட்சம். வட்டி வீதம் மாறக்கூடியதாக ஒப்பந்தம் இருந்து, அது 28 வீதத்துக்கு ஏறினால் அதே கடனுக்கு மாதம் 1,64,000 ரூபா வரும். இது கற்பனை வீதமல்ல. 2022இன் பிற்பகுதியிலும் 2023இன் ஆரம்பத்திலும் வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளர்களிடமே இந்த அளவு வட்டி அறவிட்டன. அன்று கடனில் இருந்த சம்பளக்காரர் பலர் என்ன பாடுபட்டார்கள் என்பதை நாம் அறிவோம்.

மாதப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 25 ரூபா என்று எடுத்தாலும் 800 சதுர அடிக்கு 20,000 ரூபா. கடன் முடிந்தாலும் இது முடியாது. விலை டொலரில் குறிக்கப்பட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 203 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒரு இலட்சம் டொலர் வீடு இரண்டு கோடியிலிருந்து மூன்றரைக் கோடியைத் தாண்டியது. ரூபாவில் சம்பாதிப்பவர் டொலரில் தவணை ஒப்புக்கொள்ளக் கூடாது.

இதற்கு எதிரே மானிய வீட்டின் கணக்கைப் பாருங்கள். மாதச் சுமை மிகச் சிறியது, சில திட்டங்களில் அறவே இல்லை. மேலே சொன்ன 77,000 ரூபாவை மாதாமாதம் பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலுக்கும் திருப்ப முடியும். இந்தச் சுதந்திரமும் ஒரு சொத்துத்தான். அதனைக் கணக்கில் சேர்க்காமல், 'மாடி வீட்டின் விலை ஏறும்' என்று மட்டும் பேசுவது சரியல்ல. ஆனால் அவசரத்துக்கு விற்கவோ, தொழிலுக்கு மூலதனமாக ஈடு வைக்கவோ முடியாத வீடு என்றால் அந்தக் குறையையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

தனியார் துறை ஊழியர்கள் ஒரு விடயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடத்துக்குக் குறையாத பங்களிப்பும் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத மீதியும் உள்ளவர்கள், 30 வீதம் வரை, ஆகக் கூடியது 20 இலட்சம் ரூபாவை, வீட்டுத் தேவைக்காக ஓய்வுக்கு முன்னரே பெற ஏற்பாடு 2015 முதல் உள்ளது. ஓய்வுக்காலப் பணம் என்பதால், உறுதி தெளிவான வீட்டுக்கு மட்டுமே அதில் கை வையுங்கள்.

வட்டியில்லா வழி

மேலே நான் வட்டிக் கணக்கைக் காட்டியது சந்தையின் நிலையை விளக்கவே. வட்டியைத் தவிர்க்க விரும்பும் வாசகர்களுக்கு, 2005ஆம் ஆண்டின் வங்கித் திருத்தச் சட்டத்தின் பின்னர் இந்நாட்டில் வழி உண்டு. அமானா வங்கி 2011 முதல் முழுமையான வர்த்தக வங்கியாக இயங்குகின்றது. வேறு சில வங்கிகளிலும் இஸ்லாமிய வங்கிப் பிரிவுகள் உள்ளன. வீட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவது குறைந்து செல்லும் முஷாரகா. வீட்டை நீங்களும் வங்கியும் கூட்டாக வாங்குகிறீர்கள். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே, அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறீர்கள். இறுதியில் வீடு முழுமையாக உங்களுடையது.

இதிலும் இரண்டு விடயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மீளாய்வு செய்யப்படும், எதன் அடிப்படையில்? சந்தை வீதத்தோடு சேர்ந்து அதுவும் ஏறலாம். இரண்டாவது, உங்கள் காணி எவ்வகையானது? வங்கி கூட்டுரிமையாளர் ஆக வேண்டுமென்றால் உறுதி சுதந்திரமாகக் கைமாறக்கூடியதாக இருக்க வேண்டும். விற்கத் தடையுள்ள அனுமதிப்பத்திரக் காணியில் இது எளிதல்ல. ஆக, பத்திரம் சரியில்லாத மானிய வீட்டுக்காரருக்கு வட்டியில்லா வழியின் கதவும் பாதி சாத்தியே இருக்கின்றது. சலுகை வட்டியில் தரப்படும் அரச வீட்டுக்கடனைப் பெறலாமா என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான் கணக்குச் சொல்பவன் மாத்திரமே.

மண்ணும் ஒரு பத்திரம்

எமது மலைகளில் உறுதி மட்டும் போதாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணோடு மண்ணாகப் போனதை இம்மாகாணம் மறக்காது. பாதிக்கப்பட்டோருக்கு மாக்கல்தெனிய தோட்டத்தில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது 2016இல். இடைப்பட்ட இரண்டு வருடமும் அக்குடும்பங்கள் தற்காலிக இடங்களில் கழித்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மண்சரிவு லயனையும் பார்ப்பதில்லை, மாடியையும் பார்ப்பதில்லை.

பதுளை மாவட்டத்தில் கட்டடம் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு தொடர்பான அறிக்கை பெற வேண்டும். எல்லையிலோ பண்டாரவளையிலோ பள்ளத்தாக்கைப் பார்த்தபடி விடுமுறை மாடி வீடு, வருடா வருடம் நிச்சய வாடகை என்று விளம்பரம் வந்தால், முதலில் அந்த அறிக்கையைக் கேளுங்கள். மானிய வீடு கொடுக்கும் அதிகாரியிடமும் அதையே கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் கேள்வி கேட்பது நன்றி மறப்பதாகாது.

சிங்கப்பூர் செய்தது

மானிய வீட்டைப் பற்றிப் பேசும்போது சிங்கப்பூரின் உதாரணம் அடிக்கடி வரும். 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு அபிவிருத்திச் சபை கட்டிய வீடுகளில் அந்நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேர் அளவில் வாழ்கிறார்கள். அங்கும் தனியார் மாடி வீடுகள் உள்ளன, அங்கும் மக்கள் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் அங்கே மானிய வீடு வாங்கியவருக்கு 99 வருடக் குத்தகை உரிமை தெளிவாக எழுதப்பட்டிருக்கும். பொதுவாக ஐந்து வருடம் குடியிருந்த பின் சந்தை விலைக்கு விற்கலாம். எமது சேமலாப நிதியைப் போன்ற கட்டாயச் சேமிப்பிலிருந்து தவணை கட்டலாம். மானியம் வீட்டை மலிவாக்கியது, தெளிவான உரிமை அதைச் சொத்தாக்கியது. நாம் முதலாவதை ஓரளவு செய்தோம், இரண்டாவதைப் பல தலைமுறைகளாகத் தள்ளிப் போட்டோம்.

எப்படித் தீர்மானிப்பது?

எந்த வீடாக இருந்தாலும் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, எதிரே பதிலை எழுதுங்கள். ஒன்று, இறுதியில் என் பெயரில் வரும் பத்திரம் எது, அது பதியப்படுமா? இரண்டு, தவணை, பராமரிப்பு, வரி எல்லாம் சேர்த்து மாதச் செலவு குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்குமா, வட்டி இரட்டித்தால் நிற்குமா? மூன்று, மண்ணும் கட்டடமும் பாதுகாப்பானவை என்று எழுத்தில் யார் சொல்கிறார்கள்? நான்கு, விற்கவும் வாரிசுகளுக்குக் கொடுக்கவும் வழி உண்டா?

தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் வீடு கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்கு நிகரான மாற்று சந்தையில் இல்லை. ஆனால் உறுதி பதியப்படும் வரை கேட்பதை நிறுத்தாதீர்கள். அரச காணியில் இருப்பவர்கள், மாடி வீட்டுக்கு முற்பணம் தேடும் முன், இருக்கும் வீட்டின் பத்திரத்தைச் சரிசெய்ய அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைச் செலவிடுங்கள். பல குடும்பங்களுக்கு இதைவிட இலாபமான முதலீடு இல்லை. பட்டணத்து வியாபாரிக்கு என் அபிப்பிராயம், ஊரிலேயே நல்ல உறுதியுள்ள பத்து பேர்ச் வாங்கிக் கையில் உள்ளதற்கேற்பக் கட்டுவது, கடனில் வாங்கும் கொழும்பு மாடியை விடப் பாதுகாப்பானது. பிள்ளைகள் கொழும்பில் நிரந்தரமாகிவிட்டார்கள், முற்பணம் பாதிக்கு மேல் கையில் இருக்கின்றது, கூட்டாதன வரைபடம் பதியப்பட்டுள்ளது, விலை ரூபாவில் இருக்கின்றது என்றால் மாடி வீடு நல்ல தெரிவு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வாடகையில் இருந்துகொண்டு சேமிப்பதே மேல்.

இவ்வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டு அலுமாரியில் இருக்கும் காணிப் பத்திரத்தை எடுங்கள். அது உறுதியா, அளிப்பா, அனுமதிப்பத்திரமா, வெறும் கடிதமா என்று பாருங்கள். பின்னுரித்தாளராக யார் பெயர் உள்ளது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அதன் பிரதியோடு பிரதேச செயலகத்துக்கோ காணிப் பதிவகத்துக்கோ செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுச் சாற்றை எடுத்து வாசிக்கும் முறையைப் பார்ப்போம்.